பெல்லி டான்ஸ் வகுப்பும் பாவாடை நாடாவும்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வெயில் கண்ணைக் கூச வைக்கும் நேரத்தில், ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் கனத்த திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போடுகிறார்கள். பட்டப்பகலை இருட்டாக்கி விளக்குப் போடும் இந்த வழக்கம் எனக்கு இன்னும் பழகவில்லை. ஜன்னல் மூடிய பிறகு, முக்காடும் கணுக்கால் வரை தொங்கும் பாஜு குருங்கும் அணிந்து படியேறி வந்த மலாய்ப் பெண்கள் அவற்றை மடித்து வைத்துவிட்டு இறுக்கமான பனியனும் லெக்கிங்ஸுமாக நிற்பார்கள். கீழே டயர் கழற்றும் இரும்புச் சத்தம், மேலே அரபுத் தாளம். இது பெல்லி டான்ஸ் வகுப்பு. நாற்பத்து மூன்று வயதில் நான் இங்கே மாணவி.

எங்கள் ஊர் அறந்தாங்கியில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், அல்லது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். என்னைப் போலக் கணவர் பின்னால் ஜொகூருக்கு வந்து சேர்ந்த பெண்கள் மட்டும் உருப்படியான ஒரு கேள்வி கேட்கிறார்கள்: அதற்கு என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும்? ஒரு வரியில் சொல்லிவிடலாம். உடம்போடு ஒட்டிய மேல்சட்டை, தொப்புளுக்குக் கீழே நிற்கும் லெக்கிங்ஸ், இடுப்பெலும்பின் மேல் ஒரு துணிக்கட்டு, வெறுங்கால். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்குப் பல மாதங்கள் ஆயின. வந்து சேர்ந்தேனா என்பதும் சந்தேகம்தான்.

என் கணவருக்குச் செடெனாக் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் மின்சாரப் பராமரிப்பு வேலை. விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகு வருவார். சாப்பிடும்போதே கண் சொருகிவிடும். ஊரில் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. சமையல், துணி, லிஃப்ட், மளிகைக் கடை, மறுபடி லிஃப்ட். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாமலே வாரங்கள் போயிருக்கின்றன. பிள்ளைப்பேற்றின்போது வந்த முதுகுவலி இந்தச் சும்மா இருப்பில் நன்றாக வளர்ந்துவிட்டது. குனிந்து வாளியைத் தூக்கவே பயமாகிவிட்டது.

எதிர்வீட்டுக் கலாதான் என்னை அங்கே கூட்டிப் போனவள். இந்த நாட்டிலேயே, பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ‘முதுகுக்கு நல்லது அக்கா, சும்மா வந்து பாருங்க லா’ என்றாள். முதல் நாள் தொளதொளவென்ற பருத்திச் சுடிதாரில், துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி, பள்ளிக்கூட ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாள் மாதிரி போய் நின்றேன். டீச்சர் லிங் என்ற சீனப் பெண் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

‘யூ ஹைட் எவ்ரிதிங். ஹவ் ஐ டீச்?’

இடுப்பு தெரியாவிட்டால் தப்பாக அசைப்பதும் தெரியாது, தப்பாக அசைத்தால் முதுகு இன்னும் கெடும் என்று அவர் சொன்னதைக் கலா மொழிபெயர்த்தாள். பிறகு அவளே ஊக்குகளைக் கழற்றி, துப்பட்டாவை உருவி என் இடுப்பில் சுற்றினாள். காசு கோத்த துணிதானே கட்டுவார்கள் என்று கேட்டேன். ‘காசு எல்லாம் பிறகு அக்கா. புதுசா வர்றவங்க சத்தம் கேட்டா நல்லா ஆடுறோம்னு நினைச்சுக்குவாங்க லா. டீச்சர் விட மாட்டாங்க.’

அடுத்த புதன்கிழமை வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்தேன். சேலையில் இடுப்பு தெரிய இருபது வருடம் வகுப்பு எடுத்தவள் நான். கரும்பலகைக்குக் கை தூக்கும்போது யார் என்ன பார்த்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் பனியன் போட்டுக்கொண்டு அதே இடுப்பைக் காட்டுவது என்றால் உடம்பு கூசியது. கலா விடவில்லை. பாசார் மாலாமுக்கு இழுத்துப் போய், சாலையோர அந்திச் சந்தையின் கூட்ட நெரிசலில், கறுப்பு லெக்கிங்ஸும் ஒரு பனியனும் எடுத்துக் கொடுத்தாள். ‘வீட்டுல உக்காந்துட்டா முதுகு நேராயிடுமா அக்கா?’ என்றாள். அடுத்த வகுப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

கையைத் தூக்கச் சொன்னபோது பனியன் மேலே ஏறியது. லிங் என் வயிற்றைப் பார்த்தவர் பாட்டை நிறுத்திவிட்டார். என்னை ஓரமாக அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டார்.

‘யுவர் ஹஸ்பண்ட் ஓகே ஆ?’

‘ஓகே. செடெனாக் வொர்க்’ என்றேன். என்ன நல்ல மனுஷி, வீட்டுக்காரரை விசாரிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் இடுப்பைச் சுற்றி ஓடும் கறுத்த வளையத்தைக் காட்டினார்.

‘திஸ் ஒன், ஹூ டூ?’

‘நோபடி. ஐ டை. எவ்ரி டே. டைட்.’

அவர் முகம் இன்னும் வெளுத்துப் போனது. கலா ஓடிவந்து மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். ‘அவங்க தப்பா நினைச்சிட்டாங்க அக்கா. ஹஸ்பண்ட் கயித்தால கட்டிப் போட்டுட்டாரோன்னு கேக்குறாங்க.’ எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஏனோ உட்கார வேண்டும் போலிருந்தது.

அது பாவாடை நாடா போட்ட தழும்பு. எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் இருந்தது. குளிக்கும்போது பார்த்துப் பார்த்து, தொப்புள் மாதிரி அதுவும் உடம்போடு பிறந்தது என்றுதான் சிறுவயதில் நம்பினேன். தாவணி போட்ட முதல் நாள் அம்மா நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். வலிக்கிறது என்றதற்கு ‘வலிச்சாத்தான் நிக்கும்’ என்றார். சேலை அவிழ்ந்துவிடும் என்ற பயம் அன்று வந்தது. பிறகு வேலைக்குப் போனேன், பிள்ளை பெற்றேன், கப்பலூர் சுங்கச்சாவடியில் பேருந்து கவிழப் பார்த்தபோதுகூட முதலில் இடுப்பைத்தான் பிடித்தேன். சுடிதாருக்கு மாறியும் நாடா போகவில்லை. கலாவின் இடுப்பில் ஒரு கோடும் இல்லை. அவள் பாவாடை கட்டுவது கோயிலுக்கும் தீபாவளிக்கும் மட்டும். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேருக்கு உடம்பில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

‘ரிலாக்ஸ் ஸ்டமக்’ என்பார் லிங். எனக்கு அது வரவே இல்லை. உள்ளே இழுத்த வயிற்றை வெளியே விடுவது எப்படி என்று உடம்புக்குத் தெரியவில்லை. துணியை நான் இடுப்பில் உயர்த்திக் கட்டுவேன். அவர் வந்து கீழே இறக்குவார். ‘டவுன், டவுன்.’ பல மாதங்கள் கழித்து ஒரு நாள் வயிறு தானாகத் தளர்ந்தது. மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது. அழுகை வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து வாளியைத் தூக்கினேன், முதுகு பேசாமல் இருந்தது.

இந்த ஆண்டு தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பட்டுச்சேலை கட்டி மண்டபத்தில் நாலு எட்டு வைத்ததும் கொசுவம் காலில் தட்டியது. என் கை என்னைக் கேட்காமலே நாடாவை இடுப்பெலும்பில் கட்டியிருந்தது. அம்மா அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

‘என்னடி இப்படித் தளத்திக் கட்டியிருக்க? நாலு பேரு முன்னாடி அவுந்து விழவா?’

மேலே ஏற்றி, இழுத்து முடிச்சுப் போட்டார். நாடா பழைய பள்ளத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டது. தாலி கட்டும் நேரத்துக்கெல்லாம் முதுகுவலி திரும்ப வந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா சேலை மாற்றும்போது அவர் தழும்பைப் பார்த்தேன். என்னுடையதைவிடக் கறுப்பு, ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. அவருக்கும் முதுகு வலிக்கும், யாரிடமும் சொல்வதில்லை. ‘அம்மா, ஒருதடவை கீழ இறக்கிக் கட்டிப் பாரு, மூச்சு நல்லா வரும்’ என்று நானே கட்டிவிட்டேன். அம்மா இரண்டு எட்டு நடந்தார். வெட்கத்தோடு சிரித்தார். ‘ஒண்ணுமே உடுத்தாத மாதிரி இருக்குடி’ என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று அவிழ்த்து, பழைய இடத்திலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

திரும்பி வந்த முதல் புதன்கிழமை இன்று. படியேறும்போது ஒரு நம்பிக்கை இருந்தது, இது என் இடம் என்று. திரைச்சீலையை மூடினார்கள், விளக்கு எரிந்தது. பையிலிருந்து அதே துப்பட்டாவை எடுத்துக் கட்டினேன். லிங் என் பெயரைச் சொல்லி அழைத்தார். ‘வெல்கம் பேக்’ என்றவர், என் இடுப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

‘டவுன், டவுன்.’

குனிந்து பார்த்தேன். முடிச்சு தழும்பின் மேலேயே இருந்தது. அவிழ்த்தேன். தாளம் தொடங்கிவிட்டது, மற்றவர்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் துப்பட்டாவின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே முடிச்சுப் போடுவது என்று நின்றுகொண்டிருக்கிறேன்.