சுவிட்சின் மேல் வைத்த சந்தனம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கம்பி, கேட், மாட்டுக் கொட்டகைக்கு ஷெட், திராட்சைத் தோட்டத்துக்கு இரும்புக் கதவு என்று சுற்றுவட்டாரத்தில் கேட்பதைச் செய்து கொடுப்போம். வீட்டுக்காரர் அளவெடுத்து வெட்டுவார். பதினைந்து வருடமாக எங்களோடு இருக்கிற வெல்டர் ஒருவர் பற்றவைப்பார். என் வீட்டுக்காரரை அவர் அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். பற்றவைத்த இடத்தில் துருத்திக்கொண்டு நிற்பதை மெஷினால் தேய்த்துச் சமமாக்குவது என் வேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கையில் இருக்கிற தொழில் இது ஒன்றுதான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தால் பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பட்டறையில் எல்லோரும் டீ குடிக்கப் போனாலும் நான் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போவேன். வெல்டர் தம்பி விடமாட்டார்.

“மதினி, அந்தா ரோட்டோரத்துல ஒரு டிரான்ஸ்பார்மர் நிக்கிது. அதையும் பிடுங்கிப் போட்டு வந்துருங்க. எனக்குப் பயமா இருக்கு.”

நானும் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இத்தனை வருடத்தில் என் கையால் ஒரு தப்பு நடந்ததில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

நான் வேலை செய்வது கையில் பிடிக்கிற நாலு இன்ச் கிரைண்டிங் மெஷினில். அதன் ஒரு முனையில் தட்டு மாதிரி கல் சுற்றும். உடம்பில் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். அதை முன்னால் தள்ளி அமுக்கினால் அப்படியே பிடித்துக்கொள்ளும், விரலை எடுத்தாலும் ஓடும். நிறுத்த, சுவிட்சின் பின்பக்கத்தை அமுக்க வேண்டும். டக்கென்று திரும்பி வரும். கல்லைப் பாதி மூடுகிற மாதிரி ஒரு தகட்டு கார்டும் மெஷினோடு வந்தது. மூலைமுடுக்கில் கல் எட்டவில்லை என்று அதை எப்போதோ கழற்றி ஆணி டப்பாவில் போட்டுவிட்டோம். ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயப்படுகிற நான், அது இல்லையே என்று ஒருநாள்கூட பயந்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று காலையில் ஒரு தோட்டத்துக் கேட்டை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். முதலில் வெல்டர் தம்பி அந்தச் சின்ன மெஷினை வைத்துக் கொஞ்சம் தேய்த்தார். பிறகு நான் வாங்கிக்கொண்டேன். பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மெஷின் இறங்கி நின்றது. நான் வழக்கம்போலப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். மெஷினை மேசையில் வைத்தேன். கரண்ட் வரட்டும் என்று பூஜைக்குப் பூவும் பழமும் வாங்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது, ஆனால் கேட்டை ஓரமாகச் சாத்திவிட்டுப் பட்டறையைக் கூட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

எங்கள் பட்டறை மெஷின்களுக்கு வருடத்தில் ஒழுங்கான கவனிப்புக் கிடைப்பது அந்த ஒரு நாளில்தான். காற்றடித்து உள்ளே அடைந்த இரும்புத் தூளை வெளியேற்றுவோம். மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன் கட்டையை மாற்றுவோம். அந்தச் சின்ன மெஷினை நானேதான் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். வயரில் எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று முழம் முழமாக வளைத்துப் பார்த்து, ஒரு இடத்தில் டேப் சுற்றினேன். சுவிட்சை மட்டும் பார்க்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மெஷின் உடம்பு உருண்டை, அதில் சந்தனம் நிற்காமல் வழிந்தது. சுவிட்ச் இருக்கிற இடம் தட்டையாக இருந்ததால் அதன் மேலேயே ஒரு கட்டைவிரல் அளவுக்கு அப்பிவிட்டேன்.

சூடம் காட்டும்போதுதான் மனதில் உறைத்தது. கரண்ட் போனபோது பிளக்கைப் பிடுங்கினேன், சரி. சுவிட்சை அமுக்கினேனா? அமுக்கிய ஞாபகமே இல்லை. அமுக்காமல் இருந்தால், அடுத்து பிளக்கைச் சொருகியதுமே மெஷின் தானாக ஓட ஆரம்பித்துவிடும். பார்க்கலாம் என்றால் அங்கே சந்தனம்தான் தெரிந்தது.

“ஏங்க, அந்தச் சின்ன மெஷின…” என்று வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தேன்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள்தான் எடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை யாரும் தொடமாட்டோம். அவர் திரும்பிப் பார்த்து, “ஆரம்பிச்சுட்டியா? சூடம் காட்டியாச்சு. எதுனாலும் நாளைக்குப் பாத்துக்கலாம், பேசாம கும்புடு” என்றார்.

வெல்டர் தம்பி பொரியை மென்றுகொண்டே, “விடுங்கண்ணே. விட்டா மதினி சாமிக்கும் பிளக்கப் பிடுங்கிருவாக” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நாமே பார்த்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நினைத்தபடியே சீக்கிரம் கிளம்பினேன். வீட்டுக்காரர் தேங்காய் வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வருவதாகச் சொல்லிப் பைக்கில் போய்விட்டார். நான் ஸ்கூட்டியில் பாதி தூரம் போனதும் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது, கேஸை மூடினேனா என்று. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடியும் பூட்டி, இழுத்துப் பார்த்து, பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே தேங்காய் உடைத்தாகிவிட்டது.

புது வேலை தொடங்குமுன் ஒவ்வொரு மெஷினையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே பார்த்தேன். வெல்டர் தம்பி நல்ல நாள் என்று வெள்ளை வேட்டி கட்டி, சாமி இருக்கிற இடமாச்சே என்று செருப்பில்லாமல், தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சந்தனப் பொட்டோடு அந்தச் சின்ன மெஷின் அவர் பாதங்களுக்கு முன்னால் கிடந்தது. ஒரு கையில் பிளக். பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பெட்டி.

“தம்பி, சுவிட்சு!” என்று கத்தினேன்.

“என்ன மதினி?” என்று தலையைத் தூக்கினார். கை அதற்குள் பிளக்கைச் சொருகிவிட்டது.

மெஷின் ஒரு துள்ளு துள்ளியது. சிமெண்டுத் தரையில் கல் பட்டுப் பொறி பறக்க, அது தவளை மாதிரி குதித்து அவர் காலில் ஏறியது. வேட்டி முனை கல்லில் சிக்கிச் சுற்றிக்கொண்டு மெஷினை அவர் மேலேயே இழுத்தது. அவர் மல்லாந்து விழுந்தார். நான் ஓடிப் போய் எக்ஸ்டென்ஷன் வயரோடு சேர்த்துச் சுவரிலிருந்து பிடுங்கினேன். எல்லாம் சேர்ந்து மூன்று விநாடி இருக்கலாம். வெள்ளை வேட்டி சிவப்பாகிக்கொண்டு வந்தது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். எலும்பில் படவில்லை. துணி சுற்றிக் கல்லை இறுக்கியதால் தப்பித்தார், இன்னும் ஒரு சாண் மேலே ஏறியிருந்தால் தொடையில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் பயம் எல்லாம் கோபமாக வந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்த மனிதரிடம், “ஏப்பா, சுவிட்ச அமுக்காம வப்பாகளா? நேத்துக் காலையில நீதான அந்த மெஷின ஓட்டுன?” என்று சத்தம் போட்டார்.

வெல்டர் தம்பி கொஞ்சம் யோசித்தார். “ஆமாண்ணே. நாந்தேன் மறந்துட்டேன் போல” என்றார்.

அவருக்குப் பிறகு அதை வாங்கி ஓட்டியது நான் என்பது இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய மனைவி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, “ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு என்னய்யா கவனம் உனக்கு? கால் போயிருந்தா எங்க கதி என்ன?” என்று அவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி மட்டும் ஓடி வந்து பிடுங்கலன்னா என்ன ஆகியிருக்கும்!” என்று அழுதார். அந்தக் கையை அவர் பிடித்திருக்கும்போது என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்கடுத்து மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களில் நான் சொல்லாமல் இருந்ததற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் சாப்பிடட்டும், போன் பேசி முடிக்கட்டும், தையல் ஆறட்டும் என்று. உண்மையான காரணம் வேறு. ஊருக்கெல்லாம் பிளக்கைப் பிடுங்கு, பிளக்கைப் பிடுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நானே இப்படிச் செய்தேன் என்று தெரிந்தால் இனிமேல் என்னிடம் மெஷினைக் கொடுப்பார்களா, மதிப்பார்களா என்ற பயம்.

நாலாவது நாள் அவர் விந்தி விந்தி வேலைக்கு வந்துவிட்டார். அந்தத் தோட்டத்துக் கேட்டைச் செய்யச் சொல்லியிருந்த கேட்டுக்காரரும் அன்றைக்குத்தான் வந்து நின்றிருந்தார்.

“என்னய்யா, கேட்டத் தேய்க்கச் சொன்னா கால தேச்சுக்கிட்டியாம்ல?” என்று கேலி செய்தார்.

வெல்டர் தம்பி மெஷினை எடுக்கப் போனார். வீட்டுக்காரர் தடுத்தார். “வேணாம், நீ இங்கன உக்காந்து பிரைமர் அடி. கொஞ்ச நாளைக்கு மெஷினு பக்கம் வராத.”

பதினைந்து வருடம் வேலை பார்த்த மனிதர் அவர். எங்கள் பட்டறையில் இருக்கிற எல்லா மெஷினையும் கழற்றி மாட்டத் தெரிந்தவர். பிரைமர் டப்பாவை எடுத்து மூடியைத் திருகினார். பெயிண்ட் காய்ந்து மூடி ஒட்டியிருந்தது போல, திறக்க வரவில்லை. குனிந்து திருகிக்கொண்டே இருந்தார்.

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. “கரண்டு போனப்ப அந்த மெஷினு என் கையிலதான் இருந்துச்சு” என்றேன். “பிளக்கப் பிடுங்குனேன், சுவிட்ச அமுக்கல. அது மேலயே சந்தனத்தையும் வச்சேன். பூசையப்பவே சந்தேகம் வந்துச்சு. சொல்லல. ஆஸ்பத்திரியிலயும் சொல்லல.”

கேட்டுக்காரர் முன்னால்தான் சொன்னேன். வெல்டர் தம்பி பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“மெஷினுன்னா மறக்குறதுதேன் மதினி, நானும் மறந்துருக்கேன்” என்றார். “மூணு நாளா என் வீட்டுக்காரி என்னைய ஏசுறா. எம் பிள்ளைக பயந்துபோய்க் கெடக்குதுக. எனக்கே ஞாபகம் கெட்டுப்போச்சோன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

அவ்வளவுதான் சொன்னார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் போய் மெஷினை எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஆணி டப்பாவைக் கொட்டிக் கார்டைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் நான் வெல்டர் தம்பியின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். ஆனால் என் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது எங்கள் பட்டறையில் கார்டு இல்லாமல் எந்த மெஷினும் ஓடுவதில்லை. கரண்ட் போனால் முதலில் சுவிட்ச், பிறகுதான் பிளக். மறுபடி சொருகுவதற்கு முன் மெஷினைத் தரையில் வைக்காமல் கையில் எடுத்து, சுவிட்சின் பின்பக்கத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொருகுகிறோம். எனக்குச் சந்தேகம் வந்தால் சூடம் எரிந்துகொண்டிருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வெல்டர் தம்பியும் பழையபடி கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார், ஆனால் அதற்கு ஐந்தாறு மாதம் ஆனது.

பயப்படுகிறவள் என்பதால் நான் கவனமானவள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அவர் காலில் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், அது மெஷின் கொடுத்த காயம்தான், ஆற ஒரு மாதம் ஆனது, ஆனால் அந்த மூன்று நாட்களை அவருக்குக் கொடுத்தது நான் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.