கண் மூடின பிறகு கேட்ட நிலம்

உத்தனப்பள்ளிக்கு மேற்கே கௌஸ் மொய்தீனுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. அதில் அரை ஏக்கரும் கிணறும் அவர் மனைவி ஃபகருன்னிசாவுடையவை. நிக்காஹ் அன்று மஹராக, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய சொத்தாக, எழுதிக் கொடுத்தது. பள்ளிவாசல் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியதோடு சரி. பத்தொன்பது வருஷமாக அந்த மண்ணில் களை எடுத்தவள் அவள், விளைந்ததை வண்டி ஏற்றியவர் அவர்.

நான் சரசம்மா, பக்கத்துக் காட்டுக்காரி. அவளோடு களை வெட்டியவள். அதனால் இரண்டு பக்கமும் பார்த்து நியாயம் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறுபத்தாறாம் வருஷம் அவள் தன் அரை ஏக்கரில் மல்பெரிக் குச்சி ஊன்றினாள். பட்டுப்புழு வளர்க்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. துளிர் விட்ட வாரத்தில் கௌஸ் மொய்தீன் வந்து, கூலியாட்கள் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் பிடுங்கி எருக்குழியில் எறிந்தார்.

"இது என் மஹர் நெலங்க," என்றாள்.

"பொம்பளைக்கு ஏதுடி நெலம்? நான் கண்ணு மூடின அப்பறம் கேளு!"

கூலியாட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம். அவள் எருக்குழியில் இறங்கினாள். ஒரே ஒரு குச்சியை எடுத்துப் போய் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் நட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதக் காலையில், கௌஸ் மொய்தீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். பிள்ளைகள் இல்லை. சூளகிரியிலிருந்து தம்பி மெஹபூப் பாஷா வந்தான். வழியில் காட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் முகத்தைப் பார்க்க வீட்டுக்குள் போனான். என் கண்ணால் பார்த்தேன்.

மையத்து என்று அவர்கள் சொல்லும் உடலைத் தூக்குவதற்கு முன், மஹரை மன்னித்தேன் என்று மனைவியைச் சொல்ல வைப்பது அங்கே வழக்கம். இறந்தவர் கடன் இல்லாமல் போகட்டும் என்பார்கள். அழுகையோடு அழுகையாக எல்லாப் பெண்களும் சொல்லிவிடுவார்கள். மனைவிக்கு வரவேண்டிய மற்ற பங்கெல்லாம் ஆண்கள் பேச்சிலேயே காணாமல் போகும். மிஞ்சியிருப்பதும் இந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

மெஹபூப் பாஷா, பெண்கள் இருந்த அறைத் திரைக்கு வெளியே வந்து நின்றான். "அண்ணி, வெய்யில் ஏறுது. மாப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"பண்ணல தம்பி."

உள்ளே அழுகைச் சத்தம் நின்றுபோனது.

"மையத்த வெச்சிக்கிட்டு இன்னா பேச்சு இது?"

"உங்க அண்ணந்தான் சொன்னாரு, கண்ணு மூடின அப்பறம் கேளுன்னு. மூடிட்டாரு. கேக்கறேன்."

தொழுகை நடத்த வந்திருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் குறுக்கே வந்தார். "அந்தம்மா கேக்கறது ஹக்கு, அவங்க உரிம. மஹர் கடன்தான். வாரிசு ஏத்துக்கணும்," என்றார்.

மெஹபூப் பாஷா பல்லைக் கடித்தான். "சரி, குடுக்கறேன். தூக்கலாமா?"

"வாய் வார்த்த பத்தொம்பது வருசம் கேட்டாச்சு. என் நெலத்துல நாலு எல்லக் கல்ல நட்டுட்டு வந்து தூக்குங்க."

மையத்து வாசலில் கிடக்க, ஆண்கள் கடப்பாரையோடு காட்டுக்குப் போனார்கள். எல்லை காட்டியவள் நான். ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் குழிக்கு மண் தள்ள வந்தவன் அண்ணியின் கல்லுக்குக் குழி தோண்டினான். பாவம் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நாலாவது கல் நின்ற பிறகுதான் மையத்து வாசலைத் தாண்டியது.

நாலு மாதம் பத்து நாள் அவள் வீட்டை விட்டு வெளியே வராமல், கணவன் இறந்த துக்கத்துக்கான இத்தா இருந்தாள். தினமும் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் நான். இத்தா முடிந்த மறுநாள், தொட்டி ஓரத்தில் மரமாகிவிட்டிருந்த மல்பெரியை வெட்டிக் கட்டுக் கட்டாகக் காட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்தப் புரட்டாசியில் மழை ஏமாற்றிவிட்டது. மற்ற இரண்டரை ஏக்கரிலும் கேழ்வரகு போட்டிருந்த மெஹபூப் பாஷா கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றான். தாண்டவில்லை.

"அண்ணி, கேவுரு கருகுது. ஒரே ஒரு நாள் கெணத்துத் தண்ணி வுடுங்க."

ஃபகருன்னிசா குனிந்த தலை நிமிராமல் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கண்ணு மூடின அப்பறம் கேளுங்க தம்பி."

இந்தத் தடவை நான் வாய்விட்டுச் சிரித்தேன்.