முழங்கையில் இருந்த கறை

கரடியூர்த் தம்பி ஒருவர், எங்கள் மலையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் பழைய படங்களை வீடு வீடாகப் போய்ச் செல்போனில் பிடித்துச் சேர்த்து வருகிறார். காப்பிக் களம், சேர்வராயன் கோயில் திருவிழா, மஞ்சு மூட்டத்துக்குள் நிற்கும் பஸ் என்று மற்ற படங்களும் அதில் உண்டு. நான் ஏற்காட்டு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கும் அனுப்பிச் சந்தேகம் கேட்பார். போன வாரம் சீருடையில் நிற்கும் ஒரு சிப்பாயின் படம் வந்தது. பின்னாலேயே தம்பி பேசி அனுப்பிய குரல்.

"சார், இவரு மொழங்கைகிட்ட நாலு புள்ளியாட்டம் கறை இருக்குதுங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சுடட்டுங்களா?"

பார்த்ததுமே எனக்குப் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடை அடித்தது. செல்போனில் ஏது வாடை என்பீர்கள். இருட்டறையில் பத்து வருஷம் கிடந்தவனுக்கு அடிக்கும். சிப்பாய்க்குப் பின்னால் தெரிந்த சாம்பல் நிறம் என் தூரிகை வேலை.

எங்கள் ஊரில் படங்களுக்குப் பெரிய பகை பூஞ்சைதான். மழை மாதங்களில் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் மீசை நரைத்துவிடும். வெயில் வந்ததும் காப்பிக்கொட்டை காயும் களத்தோரம் படங்களையும் சாய்த்துக் காயவைப்பார்கள். ஸ்டூடியோவில் எங்களுக்கு வேறு வைத்தியம். பூஞ்சை பிடித்த பக்கத்தைப் பிளேடால் நறுக்கி எறிந்துவிடுவோம். நல்ல பக்கத்துக்குப் பரவக் கூடாதல்லவா?

எண்பதுகளில் ஒரு நாள் மேரியக்கா வந்தார். வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவர். கணவர் பட்டாளத்துக்காரர், சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. லீவில் வந்தபோது எஸ்டேட் துரை எடுத்துக் கொடுத்த படத்தை ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஊட்டுல இது ஒண்ணுதான் கண்ணு இருக்குது. அவரு மொகம் நல்லாத் தெரியறாப்புல பெருசு பண்ணிக் குடு சாமி."

படத்தில் வலப் பாதி முழுக்கப் பூஞ்சை. யோசிக்கவே இல்லை, நறுக்கி அடுப்பில் போட்டேன். மிச்சத்தை நகலெடுத்துப் பெரிதாக்கி, வெட்டின இடம் தெரியாமல் பின்னணி தீட்டினேன். பெரிய ஓவியன் என்ற நினைப்பு வேறு. முழங்கையருகே நாலு புள்ளி மட்டும் மிஞ்சியது. சீருடையில் தூரிகை வைக்கப் பயந்து அதை விட்டுவிட்டேன்.

மேரியக்கா புதுப் படத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு பழையதைக் கேட்டார். கொடுத்தேன்.

"மத்த பாதி எங்க கண்ணு?"

"பூஞ்சைங்க அக்கா. எரிச்சுட்டேன். அதுல ஒண்ணுமே தெரியலீங்க."

"எனக்குத் தெரியும் சாமி. அவரு கையப் புடிச்சுட்டு நாந்தான நின்னேன். நாங்க சேந்து எடுத்தது அது ஒண்ணுதான்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. "போவுது உடு. அவரு நொம்ப நல்லா வந்துருக்காரு" என்று என்னையே தேற்றிவிட்டு, படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அன்று நான் சாப்பிடவில்லை. அதன்பின் எந்தப் படத்திலும் பிளேடு வைக்கவில்லை, அதனால் ஆனதென்ன?

மேரியக்கா இப்போது இல்லை. அவர் பழம் பறித்த எஸ்டேட் விடுதியாகிவிட்டது. களத்தில் கார்கள் நிற்கின்றன. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை.

தம்பியைப் போனில் கூப்பிட்டேன். "அழிச்சுடாதீங்க. அது கறையில்ல, ஒரு அம்மாவோட வெரலு. படத்துக்குக் கீழ ரெண்டு பேரு பேரும் எழுதுங்க."

"ஒருத்தருதானுங்களே சார் இருக்காரு?"

"இன்னொருத்தர நாந்தான் வெட்டி எரிச்சுட்டேன்."

தம்பி மெதுவாகக் கேட்டார். "அந்தம்மா அந்தப் படத்துல எப்படி இருந்தாங்க சார்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைக் கடைசியாக முழுசாகக் கையில் வைத்திருந்தவன் நான். பூஞ்சையைத்தான் பார்த்தேன், அதற்குள் ஒரு முகம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை.