காக்பிட் பார்க்க வந்த டீச்சர்

கொடைக்கானலில் ஒரு ஷெட்டில், நானும் நண்பன் செல்வமும் பழைய போர் விமானத்தின் காக்பிட்டைச் சீரமைத்து வருகிறோம்.

இன்று ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தேடி வந்தார்.

"எங்க வீட்டுக்காரர் பைலட்டுங்க. இதே மாதிரி பிளேன்லதான் விழுந்து செத்தாரு. ஒரு நிமிஷம் உள்ள உக்காந்துக்கட்டுமா தம்பி?"

"சீட்டு பழசு டீச்சர், வெயிட் தாங்காது" என்றான் செல்வம்.

அவர் காக்பிட் கண்ணாடியைத் தொட்டார்.

"கைரேகை விழுகுதுங்க" என்று உடனே துடைத்தான்.

"சரி தம்பி" என்று அவர் ஒதுங்கி நின்றார்.

அப்போது பக்கத்து ரிசார்ட் ஓனர் ஒருவர் வந்தார். டீச்சரைப் போல இரண்டு மடங்கு ஆள். செல்வமே கைகொடுத்து ஏற்றி, அதே சீட்டில் அவரை உட்கார வைத்தான்.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய்விட்டார்.

நானா? போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தின் ஓரத்தில் டீச்சரும் விழுந்திருந்தார், வெட்டிவிட்டேன்.

படம் எங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது. மனசு வந்தால் லைக் போடுங்கள்.