சங்கையா அண்ணாச்சியின் மூன்றாவது ப்ரீ ஆம்ப்

சங்கையா அண்ணாச்சியைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் ராஜபாளையத்து மில்லில் பதினாறு வருடம் அவருக்கு அடுத்த மிஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நின்றவன் நான்தான். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஷெட்டுக்குள் யாரும் குரலை வீணாக்குவதில்லை. அந்த இரைச்சலில் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. வாயை மட்டும் அசைப்போம், எதிரே நிற்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இதில் அண்ணாச்சியை அடிக்க ஆள் கிடையாது. நாலு மிஷின் தள்ளி நின்று நாங்கள் மேஸ்திரியைத் திட்டுவதை அங்கிருந்தே படித்துவிட்டுச் சிரிப்பார். வெளியிலும் பேசுகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். அதனால் அவர் காது என்றைக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை.

அவர் பெண்சாதி இசக்கியம்மாள் எண்பத்தைந்தாம் வருஷம் மஞ்சக்காமாலையில் செத்துப்போனாள். பிள்ளை குட்டி கிடையாது. போட்டோகூடச் சரியானதாக ஒன்று இல்லை. மிச்சம் இருந்தது ஒரு கேசட். அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்தபோது துபாயிலிருந்து வந்த மச்சினன் டேப்பில் பிடித்தது. அதில் மேளம் இருக்கிறது, மேளத்துக்கு மேலே இசக்கியம்மாள் போட்ட குலவை இருக்கிறது. எங்கள் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் முதல் குலவை அவளுடையதுதான்.

அந்தக் குலவையைக் கேட்கத்தான் அவர் வீட்டில் செட் வைத்தார். டேப் டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, ரெண்டு மண்பானையில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து மூலைக்கு ஒன்றாக நிறுத்தினார். கேசட்டைப் போட்டால் மேளம் வந்தது, குலவை வரவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ப்ரீ ஆம்ப் என்று ஒரு பெட்டி உண்டு, டேப்பிலிருந்து வருகிற சின்னச் சத்தத்தை அதுதான் முதலில் எடுத்துத் தூக்கிக் கொடுக்கும், அது மட்டமாக இருந்தால் குலவை மாதிரிக் கீச்சென்று ஏறுகிற மேல் சத்தம் செத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஜாரில் ஒன்று வாங்கினார், சரியில்லை என்று மதுரைக்குப் போய்ப் பழையது ஒன்று வாங்கினார். அதிலும் குலவை இல்லை. விற்றவன் ரெண்டு பேரையும் திருடன் என்று ஏசிக்கொண்டு திரிந்தார்.

எண்பத்தெட்டில் ஒரு வார லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். தேரடிப் பக்கம் சக்ரபாணி என்பவர் செட் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் ரெண்டு ப்ரீ ஆம்ப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மெட்ராஸிலிருந்து வந்தது, அண்ணாச்சியின் ஒரு மாதச் சம்பளம் விலை. இன்னொன்று சக்ரபாணியே அலுமினியப் பெட்டியில் போர்டு பூட்டிச் செய்தது, அதில் பாதிகூட இல்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டிக் கேசட்டை ஓடவிட்டார். இரண்டிலும் குலவை வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, செத்தவள் கடைக்குள் வந்து நின்றமாதிரி இருந்தது. அண்ணாச்சி ஸ்பீக்கருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மேளம் வருது, குலவைதான் வரல என்றார்.

சக்ரபாணி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, எந்த ஊர்க் கேசட் என்று மூன்று தடவை கேட்டார். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, மேளத்தின் அதிர்வு மட்டும்தான் அவருக்கு எட்டுகிறது, காது போய்விட்டது. அந்த இடத்தில் நான் ஒரு மனிதன்போல நடந்திருக்கலாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சக்ரபாணி எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, அலுமினியப் பெட்டியில் மேல் சத்தத்துக்கான ட்ரெபிள் குமிழைச் சுத்தமாகக் குறைத்தார். குலவை அமுங்கி இல்லாமலே போய்விட்டது. இப்போது எப்படி என்று அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டிச் சொக்கிப்போனதுபோல நடித்தேன். அவரும் மெல்லத் தலையை ஆட்டி, இப்பதான் வருது என்றார்.

அவர் திரும்பிக்கொண்டு பெட்டியைத் தடவிப் பார்த்த நேரத்தில் நான் சக்ரபாணி பக்கம் குனிந்தேன்.

"இவியளுக்குக் காது அம்புட்டும் போச்சு சாமி. எதக் குடுத்தாலும் வாங்கிக்கிடுவாவ. ஒண்ணுக்கும் ஆவாம கெடக்கதத் தள்ளி விடுங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். அண்ணாச்சிக்கு எதிரே இருந்த அலமாரிக்குப் பின்பலகையாகக் கண்ணாடி பதித்திருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பெட்டியைத் தடவிய கை நின்றிருந்தது. அவர் கண் கண்ணாடியில் என் வாய்மேல் இருந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் பேசினாலும் படித்துவிடுகிற மனுஷனிடம், குரலைத் தணித்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி அலுமினியப் பெட்டியைக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டிய பிறகு என் தோளைத் தொட்டார்.

"ஏலே பொன்னுராஜ், குலவை அதுல இருக்கா?"

இருக்கு என்றேன்.

"மொத வாங்குன ரெண்டு பெட்டியிலயும்?"

இருந்திருக்கும் என்றேன். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பதற்குள் அவரே பேசினார்.

"குலவை போட்டா நாக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுமுல்லா. நீ ஒருக்கா போடு. சத்தம் வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

பஸ் நிறைய ஆள். எங்கள் மில்காரர்கள் ரெண்டு பேர் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள். மீசை வைத்த ஆம்பிளை பஸ்ஸுக்குள் நாக்கை ஆட்டினால் மறுநாள் ஷெட் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். நான் ஜன்னல் பக்கம் பார்த்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் இறங்கும்வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.