முழங்கையைப் பார்ப்பவர்

சிவனேஸ்வரி தட்டைப் பார்ப்பதில்லை, முழங்கையைப் பார்க்கிறார். இல்ஃபோர்டில் ஓர் ஆரம்பப் பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் இருபத்தொரு வருடமாக இதுதான் வேலை. முந்நூறு பிள்ளைகள், இரண்டு பந்தி. பட்டாணியைத் தயிர்க் கிண்ணத்துக்குக் கீழே ஒளிக்கிறவன் இருக்கிறான். மீன் துண்டைச் சட்டைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு போகிறவள் இருக்கிறாள். அதனால் வெறும் தட்டு எதையும் நிரூபிக்காது என்பது அவர் கட்சி. சாப்பிடுகிற பிள்ளையின் முழங்கை விலாவை விட்டு வெளியே வந்து போகும். சாப்பிடாத பிள்ளையின் முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடக்கும்.

"வாய் பொய் சொல்லும், தம்பி. பிளேட்டும் பொய் சொல்லும். முழங்கைக்கு இன்னும் அது பழகேல்லை."

அறுபத்தொரு வயது. குள்ளம். மஞ்சள் மேலங்கியைக் கழற்றிய பிறகும் அதைப் போட்டிருப்பவர் போலவே தெருவில் நடக்கிறார். கைக்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். யாராவது சொன்னால் லண்டன்தான் பத்து நிமிடம் பிந்தி நிற்கிறது என்பார். ரயிலில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் கூடத்தின் அடுத்த மூலை தெரியாது என்ற பழக்கம்.

குழாய் ஒழுகினாலும், கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தாலும், பக்கத்து வீட்டுப் போலந்துக்காரியின் குப்பைத்தொட்டியை யாரும் எடுக்காமல் போனாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "அதை நான் பாக்கிறன்." சொன்னபடி பார்த்தும் விடுவார். அந்தத் தெருவில் குழாய்க்காரனை விட அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. இடக்கையால் எதையும் கொடுக்கமாட்டார், வாங்கமாட்டார். கடையில் வலக்கையில் பை இருந்தால் அதை இடக்கைக்கு மாற்றிய பிறகே மிச்சக்காசு வாங்குவார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், இடக்கையால் சாப்பிட்ட ஒரு சிறுமியின் கரண்டியை எடுத்து வலக்கையில் வைத்துவிட்டார். தலைமையாசிரியை அறைக்குள் அழைத்துப் பேசினார். அதன் பிறகு அப்படிச் செய்ததில்லை. "ஆனால் அந்தப் பிள்ளையளைக் கண்டால் நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போயிடுவன். இண்டைக்கும் எனக்கு அது ஏலாது."

அவர் கணவர் தியாகராஜா தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றவர். கடிதத்தைப் பார்க்காமலே உரிய பெட்டிக்குள் எறியும் வலக்கை அவருடையது. ஒன்றரை வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. நடை மீண்டது, பேச்சு மீண்டது. வலக்கை மீளவில்லை. மடியில் வைத்தால் வைத்தபடி இருக்கும்.

அன்றிலிருந்து அவர் பிறர் முன்னால் சாப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவார், மணமக்களை வாழ்த்துவார், பந்தி தொடங்கும் நேரம் காரில் போய் உட்கார்ந்துகொள்வார். தியாகர் இப்போது பெரிய ஆளாகிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு அவருக்கு வசதியாக இருந்தது. வீட்டில் படிக்கட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய அறையில், கதவைச் சாத்திவிட்டு, இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். நான் அவருடைய பள்ளித் தோழர் கிறிஸ்துராஜாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து போய் மூன்று வாரம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். முதல் ஒன்பது நாளில் அவர் ஒரு வாய் சோறு எடுத்ததைக் கண்டதில்லை.

ஓகஸ்டில் மகள் பிரசாந்தினிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் தான் வீட்டுக்குப் போய்விடுவதாகத் தகப்பன் சொல்லிவிட்டார். நீங்கள் இருக்காத பந்தியில் நானும் இருக்கமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே மாதிரியான பிடிவாதக்காரர்கள். நடுவில் நின்ற சிவனேஸ்வரி இரண்டு பக்கமும் திரும்பி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: அதை நான் பாக்கிறன்.

பார்த்த விதம் இது. பள்ளியில் ஒட்டியிருந்த விளம்பரம் ஒன்றில் ஒரு படம். பழங்காலத்து அரண்மனை விருந்து. அரசன் சிம்மாசனத்தில் இருக்கிறான், வீரர்கள் வாள் சுழற்றுகிறார்கள், நீண்ட மேசைகளில் வெள்ளைக்காரர்கள் கோழிக்காலைக் கையால் பிடித்துக் கடிக்கிறார்கள். முள்கரண்டி இல்லை, கத்தி இல்லை, தாடியெல்லாம் குழம்பு. இரண்டு நாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் மூன்று டிக்கட் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு மட்டும் என்பதால் அவை கழிந்தன.

காரணத்தை என்னிடம் சமையலறையில் வைத்துச் சொன்னார். முழு மண்டபமும் சிந்திச் சிதறிச் சாப்பிடும்போது ஒரு மனிதர் சிந்துவதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு தரம் வெளியே சாப்பிட்டுவிட்டால் ஓகஸ்டில் சாப்பிடுவார். கணவரிடம் சொன்ன காரணம் வேறு. ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு ஒன்றும் காட்டாமல் அனுப்பினால் கிறிஸ்துராஜா என்ன நினைப்பார்?

தியாகராஜா என்னைப் பார்த்தார். விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட அனுப்புகிற வீட்டில் அவர் பிறக்கவில்லை. "சரி, வாறன்," என்றார். "ஆனால் எனக்குப் பசி இருக்காது."

ரயில் பாலத்துக்குக் கீழே, ஆற்றுக்குத் தெற்குப் பக்கம், செங்கல் வளைவுக்குள் அந்த மண்டபம். வாசலில் வெல்வெட் போர்வைகள் வாடகைக்குக் கிடைத்தன. சிவனேஸ்வரி சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டார். அவருக்கு அது தரையில் இழுபட்டது. எங்களுக்கும் வாங்கவா என்று கேட்டார். தியாகராஜா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தன் கோட்டின் மேல் பொத்தானை இடக்கையால் போட்டார். நேரம் எடுத்தது. சிவனேஸ்வரி உதவவில்லை; முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் மேசையில் பதினெட்டுப் பேர். மணப்பெண்ணாகப் போகிற ஒருத்தியும் அவள் தோழிகளும், ஒரு ஜெர்மன் குடும்பம், லீட்சிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரர் ஒருவரும் அவர் மனைவியும், நாங்கள். மெழுகுவர்த்தி, மண் குடம், ரொட்டிக் கூடை. ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் துணியில் சுற்றிய முள்கரண்டி, கத்தி, கரண்டி.

சிவனேஸ்வரி பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார். கையால் சாப்பிடப் பலருக்கு விருப்பமில்லை, முறைப்பாடு வந்தது, போன வருடத்திலிருந்து வைக்கிறோம் என்றாள் அவள். தியாகராஜா கத்தியையும் முள்கரண்டியையும் பார்த்தார். இரண்டு கை வேண்டிய சாமான்கள். வலக்கையை மேசையிலிருந்து இடக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதை நான் பாக்கிறன்," என்றார் சிவனேஸ்வரி.

கூடையிலிருந்த ரொட்டியை மேசையில் கொட்டினார். வெறுங்கூடையோடு மேசையின் தலைப்பக்கம் போனார். இருபத்தொரு வருட ஆங்கிலத்தில், அரசரின் வீட்டில் முள்கரண்டி கிடையாது, இங்கே போடுங்கள் என்றார். சிவப்புப் போர்வையைப் பார்த்து, அவரும் நாடகத்தில் ஓர் ஆள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மணப்பெண் எழுந்து நின்று வணங்கிவிட்டுப் போட்டாள். ஜெர்மன்காரர் மனைவியுடையதையும் சேர்த்துப் போட்டார். லீட்ஸ்காரர் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன் என்றார். சிவனேஸ்வரி அவர் முழங்கையைப் பார்த்தார். விலாவோடு ஒட்டியிருந்தது. கையை நீட்டினார். லீட்ஸ்காரர் கோட்டுக்குள்ளிருந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தார். மேசை முழுவதும் சிரித்தது. மேடையிலிருந்த அரசன் கூட எழுந்து நின்று அவருக்குத் தலை தாழ்த்தினான்.

கடைசியாக எங்களுடையதையும் போட்டார். பதினெட்டு முள்கரண்டி, பதினெட்டுக் கத்தி, பதினெட்டுக் கரண்டி. கூடையைப் பரிமாறுகிற பெண்ணிடம் கொடுத்தார். அவள் உள்ளே கொண்டு போனாள். சிவனேஸ்வரி வந்து கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, போர்வையைச் சரிசெய்து, எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணைச் சிமிட்டினார்.

கோழி வந்தது. ஆளுக்கொரு கால், உருளைக்கிழங்கு, தண்டோடு வெந்த கரட். மேசை ஒரு கணம் தயங்கியது. பிறகு லீட்ஸ்காரர் இரண்டு கையாலும் கோழியைத் தூக்கினார். மற்றவர்களும் தொடங்கினார்கள். வலது, இடது, எந்தக் கை அருகில் இருந்ததோ அந்தக் கை. சிவனேஸ்வரி எண்ணியபடியே எல்லாம் நடந்தது. வாயோரங்களிலும் நாடிகளிலும் குழம்பு வழிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தியாகராஜா சாப்பிடவில்லை. இரண்டு முழங்கையும் விலாவோடு இருந்தன.

"பசிக்கேல்லையே?"

"பசிக்குது."

"பிறகென்ன? எல்லாரும் கையாலதானே சாப்பிடினம். ஆர் உங்களைப் பாக்கினம்?"

மனைவிக்கு அப்பால் இருந்த என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, கோபமில்லாமல் சொன்னார்.

"அவைக்கு ரெண்டு கையும் ஒண்டு, ஈசு. எனக்கு அப்பிடியே? கரண்டியை எண்டாலும் விட்டிருக்கலாம் நீர்."

அதை நான் பாக்கிறன் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒன்றரை வருடமாக, சோறு சிந்துவதுதான் அவருக்கு வெட்கம் என்று நினைத்திருந்தவர் சிவனேஸ்வரி. வெட்கம் சோற்றில் இல்லை, கையில் இருந்தது. அந்தக் கைக்கும் உணவுக்கும் இடையே இருந்த ஒரே பொருள் கரண்டி. அதைத்தான் கூடையில் போட்டு உள்ளே அனுப்பியிருந்தார்.

அரைவாசி எழுந்தார். பரிமாறுகிற பெண் தூரத்தில் நின்றாள். கூப்பிட்டால் வருவாள், ஒரு கரண்டி கொண்டுவருவாள். பதினேழு பேர் கையால் சாப்பிடும் மேசையில், ஒருவர் முன்னால் ஒரு கரண்டி வந்து இறங்கும். சிவனேஸ்வரி உட்கார்ந்தார்.

அந்நேரம் வாள் சண்டை தொடங்கியது. இரண்டு வீரர்கள் தூண்களுக்கிடையில் ஒருவரையொருவர் துரத்தினார்கள். மேசை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. சிவனேஸ்வரி திரும்பவில்லை. வலக்கையைத் துணியில் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. அவரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. துடைத்த கையைக் கம்பளிச் சட்டையின் பைக்குள் மணிக்கட்டு வரை விட்டார். இடக்கையால் கோழியைத் தூக்கினார்.

வழுக்கி விழுந்தது. வெல்வெட்டில் ஒரு நீளக் கோடு. வாடகைப் போர்வை என்பதைக் கூட நினைக்காதவராய் மறுபடி தூக்கினார். கடித்தார். குழந்தைகள் கடிப்பது போல, வாயைக் கைக்குக் கொண்டுபோய்க் கடித்தார். மூக்கில் பட்டது. மென்றார். முகத்தில் கசப்பு மருந்து குடிக்கிறவரின் இறுக்கம் இருந்தது. விழுங்கிவிட்டு இன்னொரு கடி கடித்தார்.

"என்ன செய்யிறீர்?" என்றார் தியாகராஜா.

"சாப்பிடுறன்."

"வலக்கைக்கு என்ன?"

"அது லீவில நிக்குது."

சிவனேஸ்வரி கணவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, என் வலக்கையைப் பார்த்தார். பட்டாணி ஒளித்தவனைப் பார்க்கும் பார்வை. நான் கோழியைக் கீழே வைத்தேன். மறு கையால் எடுத்தேன். எனக்கும் வழுக்கியது. சிவனேஸ்வரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூக்கால் வந்த ஒரு சிரிப்பு கேட்டது. அந்த வீட்டில் ஒன்பது நாளாகக் கேட்காத சிரிப்பு.

ஒரு வீரன் விழுந்தான், எழுந்தான். சிவனேஸ்வரி மேடையையே பார்த்துக்கொண்டு மென்றார். ஆனால் தலை சிறிது சாய்ந்திருந்தது, உணவுக் கூடத்தின் அடுத்த மூலையைக் கவனிக்கிறவரைப் போல. கணவரின் தட்டை அவர் பார்க்கவில்லை. தியாகராஜாவின் இடது முழங்கை விலாவை விட்டு வெளியே வந்தது. உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது.

"உப்புக் காணாது," என்றார் தியாகராஜா.

"வெள்ளைக்காரன் அவ்வளவுதான் போடுவான். வடிவாச் சாப்பிடுங்கோ."

தியாகராஜா உருளைக்கிழங்கையும் முடித்தார். கோட்டின் முன்பக்கத்தில் குழம்பு பட்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. லீட்ஸ்காரர் தன் பங்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினார். தியாகராஜா இடக்கையால் வாங்கினார்.

மறுபடியும் விழுந்த வீரனை எழுப்பி அரசன் பட்டம் கொடுத்தான். எல்லோரும் மேசையில் அடித்து ஆரவாரம் செய்யவேண்டும் என்றான். முந்நூறு கைகள் பலகைகளில் விழுந்தன. குடங்கள் குதித்தன. மணப்பெண் இரண்டு முஷ்டியாலும் அடித்தாள். லீட்ஸ்காரர் அடித்ததில் எங்கள் மெழுகுவர்த்தி அணைந்தது. தியாகராஜா ஒற்றைக் கையால் அடித்தார். அவருக்குப் பக்கத்தில் சிவனேஸ்வரியும் ஒற்றைக் கையால், அதே இடக்கையால், அடித்துக்கொண்டிருந்தார். வலக்கை இன்னும் பைக்குள் இருந்தது.