தம்பியின் நாலு கொட்டகைகள்

சந்தை வாசலில் பத்தொன்பது வருடமாகக் கோழிக்கடை நடத்தி வந்தாள் அவள். கணவன் தோலுரிப்பான், வெட்டுவது அவள். கை வேகத்தைப் பார்த்து மீன்கடைக்காரர்கள் வைத்த பெயர் 'மின்னல் அக்கா'. வாயும் அதே வேகம்தான். "கால் தனியா, நெஞ்சு தனியா வேணும்" என்று யாராவது நச்சரித்தால், "உயிரையும் தனியாப் பொட்டலம் கட்டித் தரவா?" என்பாள்.

கோழிகள் அவள் தம்பியின் பண்ணையிலிருந்து வந்தன. ஊருக்கு வெளியே நாலு கொட்டகை, எட்டாயிரம் கோழி. அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். வாத்தியார் அவனை அடித்த அன்று, அவர் வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கூடும்படி கத்தினவள்.

பறவைக் காய்ச்சல் அப்போது பக்கத்து நாட்டில் இருந்தது. இங்கே வருவதற்குள் தயாராக வேண்டும் என்று சில நாடுகள் கைகோத்திருந்தன. ஒரு நாடு கவச உடையும் மாத்திரையும் அனுப்பியது, இன்னொன்று பரிசோதனைக் கருவிகளை. ஆட்களைப் பழக்குவதற்கு, இதே நோய்க்காக லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று புதைத்த ஒரு நாட்டிலிருந்து மொட்டைத்தலை மருத்துவர் ஒருவர் வந்தார். கால்நடை டாக்டரம்மா கடைக்கே வந்து மின்னல் அக்காவைப் பயிற்சிக்குக் கூப்பிட்டாள்.

பயிற்சியில் மருத்துவர் ஒரு கோழியின் கழுத்தை இழுத்துக் காட்டினார். முதல் இழுப்பில் சாகவில்லை. மறுபடி இழுத்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"குடுங்க சார் இப்படி."

அடுத்த கோழியை வாங்கினாள். ஒரே ஒரு சத்தம். இன்னொரு முறை மெதுவாகச் செய்து காட்டச் சொன்னார் அவர். பிறகு மொழிபெயர்ப்பவர் மூலம், நாளை முதல் இந்தப் பாடத்தை அவளே எடுக்கட்டும் என்றார்.

"வெளிநாட்டுக்காரனுக்கே பாடம் எடுத்தியாமே?" என்றான் கணவன்.

"எந்த நாட்டுக் கோழியா இருந்தா என்ன, கழுத்து ஒரே எடத்துலதான இருக்கு."

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மதியம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ரெண்டாவது கொட்டகைல கோழிங்க கழுத்து முறுக்கிக்கிட்டு விழுது. காலைலேருந்து முன்னூறு."

"கொண்டை எப்படிடா இருக்கு?"

"நீலம் பாஞ்சிருக்கு. நல்லா இருக்கறத எல்லாம் வண்டில ஏத்திட்டிருக்கோம். இன்னிக்கே வெட்டித் தள்ளிடு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவள் போனை வைத்துவிட்டுக் கத்தியைக் கழுவினாள். கழுவிய கத்தியையே திரும்பக் கழுவினாள். கறிக்கு நின்ற கூட்டம் சத்தம் போட்டது. பிறகு டாக்டரம்மாவின் எண்ணைத் தேடி எடுத்தாள்.

வண்டியை வழியிலேயே மறித்தார்கள். மாலைக்குள் கருவி நோயைக் காட்டிவிட்டது. மாதிரிகள் விமானத்தில் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போயின, ஆனால் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் கொல்ல வேண்டும்.

"நீங்க வர வேணாம், சொந்தத் தம்பி பண்ணை" என்றாள் டாக்டரம்மா.

"கை பழகாதவன் பிடிச்சா கோழி பாடாப் படும். நானே வரேன்."

வெள்ளை உடையில் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அடுத்தது தங்கள் கோழிதான் என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கல்லோடு நின்றிருந்தார்கள். ஒரு கல் போலீஸ்காரர் ஒருவரின் பல்லை உடைத்தது. முதல் கொட்டகையில் கோழிகளைத் தார்ப்பாய்க்குள் ஓட்டிக் கரியமில வாயுவைத் திறந்தார்கள். பாய் பொங்கியது. ஆயிரக்கணக்கான இறக்கைகள் உள்ளிருந்து அறைந்தன. கொஞ்ச நேரத்தில் பாய் தணிந்து தரையோடு படுத்தது. இரண்டாவது கொட்டகையிலும் அப்படியே முடிந்தது. மூன்றாவதில், கூரை வழியே வந்த கல் வாயுக் குழாயைப் பிய்த்துக்கொண்டு போனது.

மீதியைக் கையால்தான் முடிக்க வேண்டும். அவள் தொடங்கினாள். பிடி, இழு, போடு. அலகிலிருந்து ரத்தம் வழிந்து கையுறை வழுக்கியது. காலடியில் குவியல் முழங்கால் வரை ஏறியது.

அப்போது தம்பி போலீஸைத் தள்ளிவிட்டு மண்வெட்டியோடு உள்ளே பாய்ந்தான். பன்னிரண்டு பேருக்கும் முகம் மூடியிருந்தது. அவன் பார்த்தது கைகளை, அந்த வேகத்தை.

"நீயா? போன் போட்டுக் குடுத்ததும் நீதானா?"

மண்வெட்டி அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அவள் முகமூடியைப் பிடுங்கி எறிந்து, இன்னொரு முறை ஓங்கினான். அவள் அவன் முழங்காலில் உதைத்தாள். இருவரும் செத்த கோழிகளின் மேல் விழுந்தார்கள். அவள் அவன் மார்பில் ஏறி, ஒற்றைக் கையால் அவன் வாயையும் மூக்கையும் பொத்தினாள்.

"மூச்ச இழுக்காதடா! இங்க மூச்ச இழுக்காத!"

அவன் அவள் கையைக் கடித்தான். கையுறை கிழிந்து பல் சதையில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. நாலு போலீஸ்காரர்கள் வந்துதான் அவர்களைப் பிரித்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தாள். கடித்த இடத்தைக் கழுவி, அடிபட்ட கையைத் தூக்கிக் கட்டி, புது முகமூடி மாட்டிக்கொண்டு தீவன மூட்டை மேல் உட்கார்ந்தாள். "திருகாத, இழு! ஒரே இழுப்பு!" என்று மற்றவர்களை விரட்டினாள். நாலாவது கொட்டகை முடிந்து, குழியில் சுண்ணாம்பு கொட்டிய பிறகே வண்டியில் ஏறி மயங்கினாள்.

பண்ணையில் இருந்த எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தம்பி தன்னுடையதை டாக்டரம்மா முகத்திலேயே துப்பினான். வண்டியில் கோழி ஏற்றிய வேலையாள் பயந்து ஓடிவிட்டான். ஆறாம் நாள், தன் அக்கா வீட்டில் மூச்சுத் திணறிக் கிடந்தவனைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் செத்துப்போனான். தம்பிக்கு நாலாம் நாளே காய்ச்சல் கண்டது. இதற்கென்றே ஒதுக்கிவைத்த வார்டில், வெளிநாட்டிலிருந்து வந்த மூச்சு இயந்திரத்தில் பதினாறு நாள் கிடந்து பிழைத்தான்.

அவன் கண் திறந்ததும் அவள் பார்க்கப் போனாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரு போன். அதப் பண்ணாம இருந்திருக்கலாம்ல?"

"பண்ணலன்னா நான் அதையெல்லாம் வெட்டி ஊருக்கே வித்திருப்பேன்டா."

"என் பண்ணைய நீ கொன்ன."

"ஆமா, கொன்னேன்" என்றாள் அவள்.

நோய் இன்னும் இரண்டு பண்ணைகளில் வந்து அத்தோடு நின்றது. அவன் கொட்டகைகளைப் பிரித்து விற்றுவிட்டு லாரி ஓட்டுகிறான். மேடு ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. அவள் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. வெட்டுவது இப்போது கணவன், தோலுரிப்பது அவள். தம்பியின் மனைவி வாரம் ஒருமுறை கடைக்கு வருவாள். கோழி வாங்க மாட்டாள். அவன் எப்படி இருக்கிறான் என்று, அக்கா கேட்காமலே சொல்லிவிட்டுப் போவாள்.